மகளுக்கு: தம்பி கேட்ட பள்ளிக்கூட விவரங்கள்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குளிர் வந்ததும் கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நடக்கிறார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் பிள்ளை, நம் தம்பி, சரியாகச் சாப்பிடுகிறானா? போன புதன்கிழமை பேசும்போது பின்னால் நின்றவனைப் பார்த்தேன், கன்னம் வற்றியிருந்தது.

அவனுடைய வரலாற்றுப் பாடத்துக்காக, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் ஒரு தொழில் நகரத்தில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் விவரம் கேட்டு எழுத வேண்டும் என்று தீபாவளிக்கு முன்பு சொன்னாய். கண் ஆபரேஷன் முடிந்து எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நீயும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கெடு முடிந்துவிட்டதோ, வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டானோ தெரியவில்லை. எப்படியிருந்தாலும் எழுதிவிடுகிறேன். நீயே தமிழில் படித்து அவனுக்கு இங்கிலீஷில் சொல்.

முதலில் ஊரைப் பற்றி. நம் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வதை அவனிடம் சொன்னால் சிரிப்பான், அவன் இருப்பதே அசல் மான்செஸ்டர். ஆனால் அது வெறும் புகழ்ச்சி இல்லை. இங்கே பல மில்களில் ஓடிய மிஷின்களின் இரும்புச் சட்டத்தில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்' என்று வார்ப்பிலேயே எழுத்து இருக்கும். ஓல்டாம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தானே. அங்கே வார்த்த இரும்பில்தான் இங்கே நூல் நூற்றார்கள் என்று அவனுக்குக் காட்டு. ஒருநாள் அவனை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்வா. வெளியே போனால் நல்லது.

ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888-இல். ஆனால் ஊர் முழுக்க மில் ஆனது 1932-இல் நீலகிரி மலையிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு. சுற்றிலும் பருத்தி விளைகிற கரிசல் மண். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக் காற்று இன்னொரு காரணம். காற்று வறண்டால் நூல் அறும், ஈரம் இருந்தால் தாங்கும். போர்க்காலத்தில் மில்கள் ராணுவத்துக்கு ஓடின, ஊர்க்காரர்களுக்குத் துணி கன்ட்ரோல். அரிசிக்கும் ரேஷன். 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் அரிசி கடையில் தாராளமாகக் கிடைத்தது. அதே காலத்தில்தான் கல்லூரிகளும் வந்தன: 1945-இல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்து இன்று ஜி.சி.டி. என்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது, 1951-இல் பி.எஸ்.ஜி. டெக், 1956-இல் சி.ஐ.டி., அதே வருடம் மில்களே சேர்ந்து நடத்துகிற சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம். லேத்தில் நிற்கிறவன் மகன் எஞ்சினியர் ஆகலாம் என்ற நினைப்பு ஊருக்கு வந்தது இப்படித்தான். மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை செய்தவருடைய பேத்தி நீ எஞ்சினியர் ஆனதும் இந்த வரிசையில் வருவதுதான். அதை நான் எல்லோரிடமும் சொல்லுவேன். உன்னிடம்தான் சொன்னதில்லை.

நேரத்தைப் பற்றி எழுதச் சொல், அது அவன் வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது. மில் தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் கடிகாரம் கிடையாது, மில் சங்குதான். முதல் சங்கு கிளம்பச் சொல்வது, அடுத்த சங்குக்குள் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு மில் சங்குக்கும் ஒரு குரல். இது எந்த மில், எத்தனையாவது சங்கு என்று ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஷிஃப்ட் மூன்று: பகல், அரை நைட், முழு நைட். பெண்களை ராத்திரி ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம், அதனால் நூலைச் சுற்றுகிற ரீலிங், வைண்டிங்கில் இருந்த பெண்களுக்குப் பகல்தான். ஆண்களுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். அப்பாவுக்கு முழு நைட் வாரம் என்றால், ஒரே அறை வீட்டில் பகல் முழுக்க ஒரு ஆள் தூங்குவார். பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க முடியாது, வாய்ப்பாடு சொல்ல முடியாது. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையிடம் நல்ல வாத்தியார் முதலில் கேட்பது 'அப்பா என்ன ஷிஃப்ட்?' என்பதுதான். அடிக்கிற வாத்தியார் அதைக் கேட்கமாட்டார்.

பள்ளியில் சேர்ப்பது ஜூன் மாதம் அல்லது விஜயதசமி. பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றும் யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தொட எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம். பிறந்த தேதியை வாத்தியாரே போடுவார். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூனில் வருவதற்குக் காரணம் இது. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த பள்ளிகளில் 1953-இல் மூன்று மணி நேரம்தான் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு முறை வந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது, 1954-இல் காமராஜர் வந்து எடுத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் முதல் ஃபாரம், ஆறாம் ஃபாரம் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. அதாவது பதினொரு வருஷம். பிளஸ் டூ எல்லாம் 1978-இல் வந்தது.

சிலேட்டைப் பற்றி அவனுக்கு விளக்கமாகச் சொல். புதுச் சிலேட்டில் எழுத்து வழுக்கும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துத் தேய்த்து, நிழலில் காயவைத்து, துணியால் துடைத்தால் கறுப்பு ஏறும், எழுத்து பளிச்சென்று விழும். வெயிலில் காயவைத்தால் மரச்சட்டம் விலகிவிடும். எச்சில் தொட்டு அழித்தால் கொழகொழவென்று வெள்ளைப் படலம் படியும், அதற்குப் பிறகு குச்சி பிடிக்காது. இங்கி மாத்திரையாக வரும், தண்ணீரில் கரைத்துக் கட்டைப் பேனாவால் தொட்டு எழுத வேண்டும். தண்ணீர் கூடினால் எழுத்து வெளுக்கும், குறைந்தால் நிப்பில் கட்டும். சொரசொரப்பான காகிதத்தில் நிப்பை அழுத்தினால் இரண்டு முள்ளும் விரிந்து இங்கி பரவிவிடும், அதனால்தான் அந்தக் காலத்து ஆட்களுக்குக் கையெழுத்து மெலிதாக இருக்கும்.

கணக்குதான் அந்தப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது, ரூபாய்க்கு 100. ஒரு அணாவுக்கு 6 பைசா, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு ரூபாயை ஒற்றை அணா ஒற்றை அணாவாக மாற்றினால் 96 பைசாதான் வரும், நாலு பைசா காணாமல் போகும். கடைக்காரர் அணாக் கணக்கில் விலை சொல்லிப் பைசாவில் வாங்குவார், கடைக்கு அனுப்பிய பிள்ளை வீட்டில் அடி வாங்கும். எடையும் அப்படித்தான். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று மனப்பாடம் செய்து முடித்ததும் கிலோ வந்தது. வீசை கிட்டத்தட்ட ஒரு கிலோ நானூறு கிராம். பருத்தி மட்டும் 784 பவுண்டு கொண்ட கண்டியில்தான் விலை பேசப்படும்.

ஆனால் மில் பிள்ளைகளுக்கு நூல் கணக்கு வாத்தியாரைவிட நன்றாக வரும். உன் அம்மிச்சி, என் அம்மா, ரீலிங்கில் இருந்தது உனக்குத் தெரியும். ரீலின் சுற்றளவு 54 அங்குலம், அதாவது ஒன்றரை கஜம். 80 சுற்று ஓடினால் 120 கஜம், அது ஒரு லீ. ஏழு லீ ஒரு சிட்டம், 840 கஜம். ஒரு பவுண்டு நூலில் இப்படி எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம், 33,600 கஜம். பத்துப் பவுண்டு கட்டில் 400 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலிது. தம்பி கணக்கில் கெட்டிக்காரன், இதை அவனே போட்டுப் பார்க்கட்டும். அவன் கணக்கில் கெட்டிக்காரன்தானே இன்னமும்?

இத்தனை மில் ஓடுகிற ஊரில் பள்ளிக்கூடத்தில் தக்ளி நூற்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆதாரக் கல்வி என்று, அதாவது கைத்தொழிலோடு படிப்பு. ஒரு சாண் நீளக் கம்பி, அடியில் பித்தளை வில்லை. பஞ்சுப் பட்டையின் நுனியைக் கம்பியில் சுற்றி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சுண்டிவிட்டு, சுழல்கிறபோதே பட்டையை மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் முறுக்குப் போதாமல் அறுந்து தக்ளி காலில் விழும். இழுக்காமல் நின்றால் முறுக்கு மிஞ்சிச் சுருண்டுகொள்ளும். கை வியர்த்தால் பஞ்சு ஒட்டும், கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சு முறுக்கினால் ஏன் நூலாகிறது என்பது இதைச் செய்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையும் தக்ளியும் சர்வோதயா கடையில் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறேன். கையில் வேலை இருந்தால் பிள்ளை ஃபோனைப் பார்க்காது.

மதிய உணவு காமராஜர் காலத்தில், 1956-க்குப் பிறகு. அதற்கு முன் பல பிள்ளைகள் மத்தியான மணி அடித்தால் போய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார்கள். சாப்பாடு வந்த பிறகு பிற்பகல் வருகை ஏறியதைப் பதிவேட்டைப் புரட்டினாலே பார்க்கலாம். அறுபதுகளில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் பால் பவுடரும் மஞ்சள் சோள ரவையும் வந்தன. பால் பவுடரைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டிகட்டியாகத் திரண்டு உள்ளே மாவு அப்படியே நிற்கும். முதலில் அதே அளவு பச்சைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து, அப்புறம் வெந்நீரை ஊற்ற வேண்டும்.  தம்பிக்கு நீ காலையில் என்ன கொடுக்கிறாய்? காலையில் அந்தக் குளிர்ந்த பாலும் அவலும் மாதிரி ஒன்றைத்தானே சாப்பிடுகிறான். சூடாக ஏதாவது கொடு கண்ணு. கேழ்வரகுக் கஞ்சி பத்து நிமிஷ வேலை.

பள்ளியை விட்டு நின்றவர்களைப் பற்றியும் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் எழுதினது பொய்யாகும். மில் ஸ்ட்ரைக், கதவடைப்பு. மழை பொய்த்து மின்வெட்டு வந்தால் ஷிஃப்ட் குறைப்பு. முதல் மாதம் பிள்ளை புத்தகம் இல்லாமல் வரும், இரண்டாம் மாதம் விட்டுவிட்டு வரும், மூன்றாம் மாதம் வராது. பெண் பிள்ளை என்றால் சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முதலில் நிறுத்தப்படும். பதினாலு வயதுக்குக் கீழே மில்லில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பவுண்டரியிலும் பட்டறையிலும் யார் பார்த்தார்கள்? பதிவேட்டில் முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. வராவிட்டால் 'a'. தொடர்ந்து வராவிட்டால் கடைசியில் சிவப்பு மையில் ஒரு கோடு, பேர் நீக்கம். நாற்பது வருஷம் அந்தக் கோட்டை நான் போட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் கேட்டால் பாதிப் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம். ஆனால் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிடும், வகுப்புக்குள் கால் வைப்பதே மலையாகிவிடும். எத்தனை வாரம் ஆகிறது என்பதுதான் முக்கியம்.

இங்கே மாலை நாலு மணி என்றால் உங்களுக்குக் காலை பத்தரை, பள்ளி நேரம். கணக்கு எனக்கும் தெரியும் கண்ணு. நான்கு புதன்கிழமையாக அவன் வீட்டில்தான் இருக்கிறான். முதல் வாரம் காய்ச்சல் என்றாய், அடுத்த வாரம் வயிற்றுவலி என்றாய், அப்புறம் நான் கேட்காமலேயே பேச்சை மாற்றினாய். நீ எதையும் சொல்லமாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேட்டால் 'ஒன்றுமில்லையம்மா' என்பாய்.

உன் அப்புச்சிக்கு, என் அப்பாவுக்கு, வந்த திங்கட்கிழமை நெஞ்சடைப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். அதை ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பியின் பாடத்துக்கும் அது வேண்டும், உனக்கும் வேண்டும். பஞ்சை உதறிப் பிரிக்கிற புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கிற பஞ்சுத் தூசியில் இலைத் துணுக்கும் காய்த் தோலின் துணுக்கும் இருக்கும். கார்டிங் மிஷினின் கம்பிப் பற்களில் சிக்கியதை உருவிச் சுத்தம் செய்கிறபோது தூசி மேகமாக எழும்பும். அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். விசேஷம் என்னவென்றால் ஆரம்ப வருஷங்களில் அது திங்கட்கிழமை மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் உடம்பு தெளிந்திருக்கும், திரும்ப உள்ளே போன முதல் நாள் தாக்கும், செவ்வாய் புதன் போகப் போகக் குறையும். வருஷம் ஆக ஆகச் செவ்வாய்க்கும் நீளும், கடைசியில் ஏழு நாளும் இருக்கும். உங்கள் ஊர் மில்களிலும் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பேர். அப்புச்சி திங்கட்கிழமை லீவு கேட்டால், ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பார் என்றார்கள். அவர் சொட்டுக்கூடக் குடித்ததில்லை. சோம்பேறி என்று பேர் எழுதினார்கள். நோய் ஆளிடத்தில் இல்லை, அவர் போகிற இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒன்று திங்கட்கிழமை வந்தால் திங்கட்கிழமை போகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை என் அப்பாவைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ளவில்லை. 1990-இல், உனக்கு ஏழாம் வகுப்பில், திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி வந்தது. எத்தனை திங்கட்கிழமை என்று எனக்கு நினைவில்லை, நிறைய. ஓம வாட்டர் கொடுத்து அனுப்பினேன். விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினேன். ஒருநாள் நீ கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், என் கைப்பையில் இருந்த அடிக்கோலால் விரல் கணுவில் அடித்தேன். எனக்கு முதல் மணிக்குள் என் பள்ளியில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில். டீச்சர் மகளே பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பதும் இருந்தது. அதை மறைக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன, ஏன் என்று உட்கார்ந்து கேட்டவள், என் வீட்டுப் பிள்ளையிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடில் உன்னை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கூடப் படித்தவள் ஒருத்தி, சூலூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சொன்னாள், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துச் சொன்னாள். பெஞ்சு மேல் நிற்கவைத்ததும், டீச்சர் மகள் டீச்சர் மகள் என்று சொல்லிச் சொல்லி வகுப்பே சிரித்ததும். அது நடந்து பத்து வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அடிக்கோலைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று பயந்தேன். நீ மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம் 'வயிற்றுவலியம்மா' என்று நீ சொன்னபோது உன் குரல் இருந்த விதத்தில் நீ மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். தப்பு என்னுடையது கண்ணு. அதற்கு வயது, காலம், வேலை என்று எதையும் காரணம் சொல்லமாட்டேன்.

அவனை அடிக்காதே. நீ அடிக்கமாட்டாய், தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். இழுத்துக்கொண்டு போகாதே. காலையில் கேட்காதே, காலையில் எந்தப் பிள்ளைக்கும் பதில் வராது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, முகம் தெரியாதபோது கேள். 'ஏன் போகவில்லை' என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். எந்த நாள் கஷ்டமாக இருக்கிறது, எந்தப் பீரியட், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேள். பக்கத்தில் யாரும் இல்லை என்று சொன்னால் அங்கே நிறுத்திவிடு, அன்றைக்கு அது போதும். பள்ளியிலும் நீயே போய் அவன் வகுப்பு வாத்தியாரிடம் நேரில் பேசு, கடிதத்தில் வேண்டாம். மாப்பிள்ளையும் கூட வரட்டும். ஒரேயடியாக முழு நாள் அனுப்பாமல், அவனுக்குப் பிடித்த ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்க விடுவார்களா என்று கேள். இங்கே நான் அப்படிச் சிலரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். காலையில் சூடாகச் சாப்பிடக் கொடு.

அவனுக்கு ஒரு வேலை. உன் பெரிய மாமன் செய்கிற பேரிங் வண்டி, இந்த ஊர்ப் பையன்கள் எல்லோரும் பட்டறையில் தேய்ந்த பேரிங் கேட்டு வாங்கிச் செய்தது. தார் ரோட்டில் இரும்பு உருளுகிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். மாமனிடம் கேட்டு அளவு எழுதியிருக்கிறேன்.

மோட்டார் பம்பில் போடுகிற 6205 நம்பர் பேரிங் மூன்று. உள்துவாரம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. உங்கள் ஊர் மழைக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்.எஸ். வகை வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். உட்காரும் பலகை இரண்டரை அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். பின் அச்சு ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை, இருபது அங்குல நீளம். இங்கே கருவேலம் போடுவோம். அங்கே சுத்தியல் கைப்பிடிக்குப் போடுகிற ஆஷ் மரம் சரியாக வரும். இரண்டு முனையையும் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு வட்டமாகச் செதுக்கி, பேரிங் இறுக்கமாக ஏறுகிற அளவுக்கு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும்தான் தட்ட வேண்டும், அதன் மேல் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டினால் நல்லது. வெளிவளையத்தில் தட்டினால் குண்டு ஓடுகிற பாதையில் பள்ளம் விழும், அப்புறம் வண்டி கடகடவென்று சிக்கிச் சிக்கி ஓடும். பெரும்பாலும் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். வெளியே நீட்டியிருக்கிற முனையில் குறுக்கே சின்ன ஓட்டை போட்டு ஆணி செருகிவிட்டால் பேரிங் கழன்று போகாது. ஓட்டையை ஓரத்தில் போட்டால் முனை பிளக்கும்.

முன்னால் பதினாலு அங்குலக் குறுக்குக் கட்டை, அதன் நடுவில் கீழே ஒரு கவை வெட்டி மூன்றாவது பேரிங். குறுக்குக் கட்டையைப் பலகையோடு அரை அங்குல போல்ட் ஒன்றால் மட்டும் மாட்ட வேண்டும், நடுவில் இரண்டு வாஷர். நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தி, மேலே இன்னொரு நட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும். தளர்த்தாவிட்டால் திரும்பாது, பூட்டாவிட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். காலால் குறுக்குக் கட்டையைத் தள்ளித் திருப்புவது. பின் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மூக்குத் தூக்கி மல்லாக்கத் தள்ளும், அதனால் அச்சுக்கு ஒரு சாண் முன்னால் உட்காரக் கோடு போட்டுக்கொள்ளச் சொல். ஹெல்மெட் போடட்டும். செருப்பு இல்லாமல் வேண்டாம், பிரேக்கே கால்தான்.

தனியாகச் செய்ய முடியாது, ஒரு ஆள் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை பிடிக்கட்டும், இல்லை நீ பிடி. தெருவில் ஏதாவது பையன் வந்து எட்டிப் பார்த்தால் அவனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்.

பேரிங் மூன்றும் வாங்கி வைத்துவிட்டேன். ஒன்று 130 கிராம், மூன்றும் சேர்ந்து நானூறு கிராம்கூட வரவில்லை, அதனால் கேழ்வரகு மாவு அரைக் கிலோவும் பருப்புப் பொடியும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை பார்சல் போடுகிறேன். முகவரி பழையதுதானே? ஃபோன் நம்பரையும் மேலே எழுதச் சொல்கிறார்கள்.

புதன்கிழமை வழக்கம்போல நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். தம்பி எழுந்திருந்தால் பேரிங் நம்பரை அவனிடம் சொல்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம்.

அம்மா